உப்புக்காற்றில் நிற்கும் காருக்குப் பந்தயத் தடத்து பிரேக்

மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் ஒருவர் அதை ஆண்டில் சில முறை பந்தயத் தடத்தில் ஓட்ட விரும்பினால், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கையும், அதை அழுத்திப் பிடிக்கும் பேடையும் முற்றிலும் வேறான இரண்டு நிலைகளுக்காக அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சில சுற்றுகளுக்குள் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும் வெப்பம் ஒன்று. ஊர் திரும்பிய பின் வாரக்கணக்கில் வார்ப்பிரும்பின் மேல் படியும் உப்பும் ஈரமும் மற்றொன்று. வெளிநாட்டு ஓட்டுநர்கள் எழுதும் அறிவுரைகள் பெரும்பாலும் முதல் நிலையை மட்டுமே பேசுகின்றன. அவற்றை அப்படியே ஏற்று விலையுயர்ந்த பாகங்களை வாங்கி, அடுத்த வாடைக்காலம் முடிவதற்குள் துருப்பிடிக்கக் கொடுத்துவிட்ட கார்களை இங்கே பார்க்கிறேன். எனவே இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசுகிறேன்.

முதலில் வெப்பத்தின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுநர், எரிபொருள் உட்பட 1,450 கிலோ எடையுள்ள ஒரு கார் நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 180 கி.மீ. வேகத்திலிருந்து 72 கி.மீ.க்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 50 மீட்டர், 20 மீட்டர் என்று மாற்றிக் கணக்கிட்டால், இந்த ஒரே பிரேக்கில் இழக்கப்படும் இயக்க ஆற்றல் சுமார் 15 லட்சம் ஜூல். நல்ல டயர் இருந்தால் இது மூன்று வினாடி சொச்சத்தில் நடந்து முடிகிறது. இதில் காற்றும் எஞ்சினும் ஏற்கும் சிறு பங்கை விட்டுவிட்டு, முன் சக்கரங்களுக்கு நூற்றுக்கு 65 பங்கு போகிறது என்று கொண்டால், ஒவ்வொரு முன் டிஸ்க்கும் ஏறக்குறைய 5 லட்சம் ஜூலை விழுங்க வேண்டும். 8 கிலோ வார்ப்பிரும்பு இதை உள்வாங்கினால் அதன் வெப்பநிலை ஒரே மிதியில் சுமார் 130 டிகிரி ஏறும். அடுத்த திருப்பம் வருவதற்குள் காற்று அதில் ஒரு பகுதியை மட்டுமே எடுத்துச் செல்லும். மிச்சத்தின் மேல் அடுத்த 130 டிகிரி ஏறும். 3.717 கி.மீ. நீளமும் 12 திருப்பங்களும் கொண்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இது சுற்றுக்குச் சுற்று தொடர்கிறது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இரண்டு கி.மீ.க்குச் சற்று மேல் மட்டுமே நீளமுள்ளது. அங்கே உச்ச வேகம் குறைவு என்றாலும், திருப்பங்கள் நெருக்கமாக வருவதால் டிஸ்க் ஆறுவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. வேகம் குறைவான தடம் என்பதற்காக அங்கே பிரேக்குக்கு வேலை குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

இந்தக் கணக்கு தோராயமானது. உங்கள் காரில், உங்கள் ஓட்டத்தில், டிஸ்க் உண்மையில் எவ்வளவு சூடாகிறது என்பதை அளந்துவிட்டுத்தான் பேடு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குச் செலவு அதிகமில்லை. பிரேக் டிஸ்க்கின் வெளிவிளிம்பில் பூசுவதற்கென்றே வெப்பம் காட்டும் வண்ணப்பூச்சுகள் கிடைக்கின்றன. பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560 டிகிரியிலும், சிவப்பு 610 டிகிரியிலும் நிறம் மாறும். மூன்றையும் சிறு கோடுகளாகப் பூசிக்கொண்டு ஒரு சுற்றுத் தொகுதி ஓட்டி வந்தால், டிஸ்க் எந்த எல்லைவரை போனது என்பது தெரிந்துவிடும். பச்சை மட்டும் மாறியிருந்தால் ஒரு வகைப் பேடு. சிவப்பும் மாறியிருந்தால் முற்றிலும் வேறு வகை. பெயர் பெற்ற பேடு எது என்று பத்துப் பேரிடம் கேட்பதைவிட இந்த மூன்று கோடுகள் உண்மையாகப் பதில் சொல்லும்.

பேடுக்கு வருவதற்கு முன் பிரேக் ஆயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பேடின் மேல் சுமத்தப்படும் பழியில் பாதி ஆயிலுக்கு உரியது. தடத்தில் பிரேக் கைவிடுவது இரண்டு விதமாக நடக்கிறது. பெடல் கெட்டியாகவே இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்கவில்லை என்றால், பேடின் உராய்வு வெப்பத்தில் தளர்ந்துவிட்டது என்று பொருள். பேடின் கலவையைப் பிணைத்திருக்கும் பிசின் சிதைந்து வாயுவாக வெளியேறி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே நின்றுவிடுகிறது. பெடல் மெத்தென்று ஆகித் தரைவரை இறங்குகிறது என்றால் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்துக் குமிழ் விட்டிருக்கிறது. முதலாவதற்குத்தான் வேறு பேடு மருந்து. இரண்டாவதற்கு எவ்வளவு விலையுயர்ந்த பேடு போட்டாலும் பயனில்லை.

கிளைக்கால் வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பிரேக் ஆயிலுக்கான டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரியாக இருக்க வேண்டும். நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான நீர் சேர்ந்த நிலையில் அதுவே 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம் என்று அதே தரம் அனுமதிக்கிறது. மூன்று பக்கமும் ஈரக்காற்று சூழ்ந்த நம் ஊரில், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் போதும் என்ற பொது விதியைத் தடத்துக்குப் போகும் காருக்கு நான் ஏற்பதில்லை. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 என்னும் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 312 டிகிரி. ஒவ்வொரு தட நாளுக்கு முன்பும் புதிதாக மாற்றிவிடுவதாக இருந்தால் அது போதுமானது. காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் விலையில் பல மடங்கு அதிகம் என்றாலும், ஈரம் சேர்ந்த பின்னும் 270 டிகிரி தாங்குவதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அடிக்கடி மாற்ற இயலாதவருக்கு, அதிலும் கடலோரத்தில் காரை நிறுத்துபவருக்கு, அந்த விலைக்கு நியாயம் உண்டு. எதை வாங்கினாலும் மூடி திறந்த டப்பாவில் மிஞ்சியதை அடுத்த முறைக்கென்று அலமாரியில் வைக்காதீர்கள். பெயரில் ஐந்து என்ற எண் இருப்பதால் டாட் 5ம் டாட் 5.1ம் ஒன்றென்று நினைத்துவிடவும் வேண்டாம். முன்னது சிலிக்கோன் வகை, இந்தக் கார்களுக்கு ஆகாது.

இனி பேடு. பேடின் விளிம்பில் அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் காட்டி, "இது எஃப்எஃப், இது ஜிஜி" என்று கடையில் தரம் பிரித்துச் சொல்வார்கள். அந்த எழுத்துகள், பேடின் பிடியை எண்ணால் சொல்லும் உராய்வுக் கெழுவின் வரம்பைக் குறிக்கின்றன: இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்து சாதாரண வெப்பத்துக்கும் இரண்டாவது கூடுதல் வெப்பத்துக்கும் உரியவை. ஆனால் அந்தக் கூடுதல் வெப்பமே 340 டிகிரி அளவோடு நின்றுவிடுகிறது. பச்சைக் கோடு மாறுவதே 430இல் என்பதை நினைத்துப் பார்த்தால், தடத்துக்கு அந்த எழுத்துகள் ஏதும் சொல்வதில்லை என்பது விளங்கும். நமக்கு வேண்டியது, குளிர்ந்த நிலையிலிருந்து உச்ச வெப்பம்வரை உராய்வு எப்படி மாறுகிறது என்று தயாரிப்பாளர் வெளியிடும் வரைகோடு. அந்தக் கோடு உயரமாக இருப்பதைவிடச் சமமாக இருப்பது முக்கியம். மிதிக்கு மிதி ஒரே பதில் தரும் பேடில்தான் ஓட்டுநரின் கால் பாடம் கற்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பும் அப்படிப்பட்ட பேடோடுதான் ஒத்துப்போகும்.

சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான நடுத்தரப் பேடுகள் ஒரு வகை. ஃபெரோடோ டிஎஸ்2500, ஈபிசி யெல்லோஸ்டஃப் போன்றவை இதில் அடங்கும். காலையில் வீட்டு வாசலிலேயே முதல் மிதிக்கு வேலை செய்யும். ஃபெரோடோ தன் பேடுக்கு 500 டிகிரிவரை எல்லை தருகிறது. எடை குறைந்த காருக்கும், தடத்தில் புதிதாகக் கால் வைப்பவருக்கும் இவை முற்றிலும் போதும், இதற்கு மேல் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆரஞ்சுக் கோடும் மாறத் தொடங்கிய பின், பாகிட் ஆர்எஸ்எல்29 போன்ற நெடுநேரப் பந்தயப் பேடுகளின் பக்கம் போக வேண்டும். அவை நீண்ட ஓட்டத்துக்கென்றே செய்யப்பட்டவை. மெதுவாகத் தேய்ந்து, கடைசிவரை ஒரே சீராகப் பிடிக்கும். இவற்றைச் சாலையில் போட்டால் கீச்சென்ற ஓசையும், சக்கரமெங்கும் கரிய தூளும் வரும். குளிர்ந்த நிலையில் சில பந்தயப் பேடுகளுக்குப் பிடியும் குறைவு. அப்படிப்பட்ட ஒன்றோடு, ஆடு மாடுகள் குறுக்கே வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் புறப்படுவது சரியாகாது.

இராமநாதபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு 500 கி.மீ.க்கும் மேல். ஆகவே நான் சாலைப் பேடோடு போய், தடத்தில் பந்தயப் பேடுக்கு மாற்றி, மாலையில் திரும்பவும் சாலைப் பேடைப் போட்டுக்கொண்டு ஊர் வருகிறேன். எதிரெதிர் பிஸ்டன் கொண்ட நிலையான காலிப்பராக இருந்தால், பேடைத் தாங்கும் ஊசியைத் தட்டி எடுத்துப் பேடை மேல்பக்கமாக உருவிவிடலாம் என்பதால் இது பெரிய வேலையன்று. கவனிக்க வேண்டியது வேறொன்று. பேடு டிஸ்க்கைச் சுரண்டி மட்டும் பிடிப்பதில்லை. தன் கலவையின் மெல்லிய படலமொன்றை டிஸ்க்கின் மேல் படியவைத்து, அந்தப் படலத்தோடு ஒட்டிப் பிரிந்துதான் வெப்பத்தில் பிடிக்கிறது. ஒரு கலவையின் படலத்தின் மேல் வேறொரு கலவையை வைத்து ஓட்டினால், பழைய படலம் தேய்ந்து புதியது சீராகப் படியும்வரை பிடி ஒழுங்காக இராது. கூடியவரை இரண்டு பேடையும் ஒரே தயாரிப்பாளரிடம், ஒன்றோடொன்று இணங்கும் என்று அவரே சொல்லும் இணையாக வாங்குங்கள். டிஸ்க் கோணிவிட்டது, ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி டிஸ்க் கோணியதால் வருவதன்று. இந்தப் படலம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் படிந்ததால் வருவது. சூடான டிஸ்க்கோடு நின்று பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால் பேடின் அச்சு அப்படியே டிஸ்க்கில் பதியும். தடத்திலிருந்து உள்ளே வந்ததும் கைப்பிரேக் போடக் கூடாது, கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

புதுப் பேடைப் பக்குவப்படுத்தும் வேலையை ஊர்ச் சாலையில் செய்யாதீர்கள். தடத்தின் முதல் சுற்றுகளை அதற்கென்று ஒதுக்குங்கள். வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, முழுதாக நிறுத்தாமல் மிதித்து மிதித்து விட்டு, பின்பு இரண்டு சுற்று பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டு உள்ளே வந்தால் டிஸ்க்கின் முகம் முழுவதும் ஒரே சாம்பல் நீலமாக இருக்க வேண்டும்.

முன்னும் பின்னும் ஒரே கலவையைப் போடுவது நல்லது. என் கார் நடுவில் எஞ்சின் வைத்த இரட்டை இருக்கை வகை. அதில் பின் டிஸ்க்குகள் ஏற்கும் பங்கு, முன் எஞ்சின் காரைவிட அதிகம். முன்னால் மட்டும் கடும் பிடியுள்ள பேடைப் போட்டால் நிறுத்தும் தூரம் கூடும். பின்னால் மட்டும் போட்டால் திருப்பத்தின் நுழைவில் வால் வெளியே போகும். உற்பத்தியாளர் கணக்கிட்டு வைத்த சமநிலையைக் கலைப்பதற்குத் தக்க காரணம் வேண்டும். பேடு பாதித் தடிமனுக்குக் கீழே தேய்ந்ததும் தடத்துக்கு ஆகாது என்றும் ஒதுக்கிவிடுங்கள். பேடின் தடிமன்தான் டிஸ்க்கின் வெப்பம் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகாமல் தடுக்கிறது. மிஞ்சியதைச் சாலையில் தேய்த்து முடிக்கலாம்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை கடைக்காரர்கள் சொல்வதற்கும் நான் நம்புவதற்கும் நிறைய இடைவெளி உண்டு. துளையிட்ட டிஸ்க் அழகாக இருக்கிறது. பேடிலிருந்து வாயு மிகுதியாக வெளிப்பட்ட கல்நார்ப் பேடுகளின் காலத்தில் துளைகளுக்கு நல்ல பயன் இருந்தது. இன்றைய பந்தயப் பேடுகளில் அந்தச் சிக்கல் பெருமளவு இல்லை. சூடாகி, ஆறி, மீண்டும் சூடாகும்போது துளையின் விளிம்பில்தான் விரிசல் தொடங்குகிறது. நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது: ஒவ்வொரு துளையும் உப்புத் தூளும் பேடுத் தூளும் தங்கும் குழி. ஈரக்காற்றில் அந்தக் கலவை துளையின் சுவரை அரிக்கிறது. அரிப்பு விழுந்த இடம் விரிசலுக்கு வாசல். ஆகையால் நம் கரைக்குத் துளையிட்ட டிஸ்க் வேண்டவே வேண்டாம். மழித்த முகம் போன்ற வெறும் டிஸ்க் போதும். பேடின் முகத்தைத் துடைத்துத் தூளை வெளியேற்ற வேண்டுமென்றால் கோடு வெட்டியது வாங்கலாம்.

டிஸ்க்கில் பணம் கொடுக்க வேண்டியது எடைக்கும் காற்றுப் பாதைக்கும். மேலே செய்த கணக்கில் 8 கிலோவை 10 ஆக்கினால் ஒரே மிதியில் ஏறும் வெப்பம் 130 டிகிரியிலிருந்து 105 அளவுக்குக் குறைகிறது. எந்த வேலைப்பாடும் இதற்கு ஈடாகாது. இரண்டு முகங்களுக்கும் நடுவே வளைந்த காற்றுத் தடுப்புகள் உள்ள டிஸ்க்கில் இடமும் வலமும் வேறு வேறு என்பதைப் பொருத்துபவருக்கு நினைவூட்டுங்கள். உள்விளிம்பிலிருந்து வெளியே போகப் போக அந்தத் தடுப்புகள் சுழலும் திசைக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். மேல் முகத்தில் வெட்டிய கோட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அலுமினிய நடுப்பகுதியும் இரும்பு வளையமும் சேர்ந்த இரட்டைத் துண்டு டிஸ்க் எடை குறைந்தது, வெப்பத்தில் வளையம் தாராளமாக விரியும், தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். இவை எல்லாம் உண்மை. ஆனால் அலுமினியம், வார்ப்பிரும்பு, இரண்டையும் இணைக்கும் எஃகுப் பொத்தான்கள் என்று மூன்று உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றுக்கிடையே மின்வேதி அரிப்பு நடப்பதைத் தவிர்க்க முடியாது. பொத்தான் இறுகிப்போனால் வளையம் தாராளமாக விரியாது; எதற்காகக் கூடுதல் விலை கொடுத்தோமோ அந்தப் பயனே போய்விடும். மாதந்தோறும் கழற்றிச் சுத்தம் செய்ய மனமும் நேரமும் உள்ளவர் மட்டும் வாங்கட்டும். மற்றவர்களுக்கு, நடுப்பகுதியிலும் விளிம்பிலும் காற்றுப் பாதையிலும் துத்தநாக, அலுமினியச் செதில் பூச்சுப் பூசிய ஒரே துண்டு டிஸ்க்கே சிறந்தது. பேடு தொடும் முகத்திலுள்ள பூச்சு முதல் சில மிதிகளில் போய்விடும். மற்ற இடங்களில் நிற்கும்.

துருவே பிடிக்காத கார்பன் செராமிக் டிஸ்க் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. 2001இல் போர்ஷே 911 ஜிடி2இல் வந்தது முதல் அதன் புகழ் வளர்ந்துகொண்டே இருக்கிறது. உப்பு அதை ஒன்றும் செய்யாது என்பது உண்மைதான். ஆனால் தடத்தின் உச்ச வெப்பத்தில் அதன் மேற்பரப்பும் நார்களும் மெல்ல எரிந்து எடை இழக்கும். மாற்ற வேண்டி வந்தால் செலவு லட்சங்களில் போகும். அப்படிப்பட்ட கார் வைத்திருப்போரே தட நாளுக்கென்று இரும்பு டிஸ்க் வாங்கிப் போடுகிறார்கள். தடத்துக்கே போகாமல் கடலோரத்தில் மட்டும் நிற்கும் காருக்கு அது பொருந்தும். நம் தேவை வேறு.

பாம்பனின் உப்பைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குப் அரிப்பைத் தடுக்கும் பாலிசைலாக்சேன் பூச்சுப் பூச வேண்டியிருந்தது. வடகடலிலிருந்து வாடையும் தென்கடலிலிருந்து கச்சானும் மாறி மாறி அடிக்கும் நிலத்தில், பேடு தொடும் முகத்தில் எந்தப் பூச்சும் பூச முடியாத டிஸ்க் ஓர் இரவிலேயே செம்மண் நிறம் கொள்ளும். அந்த மேல் துரு சில மிதிகளில் போய்விடும். அதற்காக அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இடங்களில் நடப்பதற்கு. விசைப்படகு எஞ்சின்களில் வயதைக் கழித்த ஒரு மெக்கானிக் அண்ணன் என் காரைத் தூக்கி வைத்தபோது, "தம்பி, டிஸ்க்கோட முகத்த எல்லாரும் பாப்பாங்க. நீங்க டார்ச்ச விளிம்புல வச்சு உள்ள அடிச்சுப் பாருங்க" என்றார். காற்றுப் பாதைக்குள் துரு செதிலாக வளர்ந்திருந்தால் பாதை குறுகி, டிஸ்க் ஆறும் வேகம் குறையும். முகத்தின் தடிமன், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருந்தாலும் அந்த டிஸ்க்கைத் தடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

பேடின் இரும்பு முதுகுத் தகட்டையும் பாருங்கள். தகட்டுக்கும் கலவைக்கும் இடையே துரு ஊறி வீங்கினால் கலவை தகட்டிலிருந்து பெயர்ந்துவிடும். தடத்தின் வெப்பத்தில் அது எப்போது நடக்கும் என்று சொல்ல முடியாது. அலுமினியக் காலிப்பரில், பேடு வழுக்கிச் செல்லும் துருவேறா எஃகுப் பட்டைகளுக்கு அடியில் வெள்ளைப் பொடியாக அலுமினிய அரிப்பு வளர்ந்து பட்டையை மேலே தூக்கும். பேடு நெருக்கப்பட்டு இறுகும். மிதியை விட்ட பின்னும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும். இதைப் பேடின் குறை என்று எண்ணிப் பேடை மாற்றுபவர்கள் பலர். பட்டையைக் கழற்றி, அடியைச் சுரண்டி, புது ஸ்க்ரூ போட்டால் தீரும் வேலை இது.

தடத்திலிருந்து வந்ததும் பந்தயப் பேடைக் காரிலேயே விட்டுவிடாதீர்கள். அதன் உலோகத் தூள் சூடாகப் பறந்து சக்கரத்தின் பூச்சில் புதைந்திருக்கும். உப்பு ஈரம் பட்டால் அது அங்கேயே துருவேறிப் பழுப்புக் கறையாக நிலைத்துவிடும். சக்கரத்தைக் கழற்றி, உட்புறத்தையும் காலிப்பரையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நம் பகுதியின் உவர்நீர்க் கிணற்றுத் தண்ணீர் இதற்கு ஆகாது; குடிநீர் வண்டியிலிருந்து நான்கு குடம் ஒதுக்கினாலும் தவறில்லை. கழுவியபின் ஈரத்தோடு நிறுத்தாமல், மிதமாக மிதித்து ஓட்டி டிஸ்க்கைச் சூடாக்கிக் காயவைத்து நிறுத்துங்கள். கைப்பிரேக் வேண்டாம், கியரும் கட்டையும் போதும். கழற்றிய பேடுகளை எந்தச் சக்கரம், உள்பக்கமா வெளிப்பக்கமா என்று முதுகில் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சிப் பைகளோடு வையுங்கள். கார் வெளியே போகாத வாரங்களில்கூட ஒரு முறை உச்சிப்புளிவரையாவது ஓட்டி, நன்றாக மிதித்துத் திரும்புங்கள். பேடு டிஸ்க்கோடு ஒட்டித் துருப்பிடிப்பதை அது தடுக்கும்.